மாசம் எந்தத் தேதி வரும்? முகாம் குடும்பங்களுக்கான உதவிக் காசு, ஒரு மளிகைக்கடைக்காரன் ரிவ்யூ

ஹோட்டலுக்கு ரிவ்யூ போடுறாங்க, மிக்ஸிக்குப் போடுறாங்க, அகதிக் குடும்பத்துக்குக் குடுக்குற காசுக்கு எவனாச்சும் ரிவ்யூ போடுவானாடான்னு உம்மா கேட்டுச்சு. ஏன் போடக்கூடாது? அதுவும் ஒரு சர்வீஸ் தானே, குடுக்குற கை ஒன்னு, வாங்குற கை ஒன்னு, நடுவுல ஃபார்ம், கியூ, கையெழுத்து எல்லாம் இருக்கு. நான் குடுக்குறவனும் இல்ல வாங்குறவனும் இல்ல, ஆனா அந்தக் காசு சுத்திச் சுத்திக் கடைசியா வந்து விழுற எடம் எங்க கல்லாப்பெட்டி. மண்டபம் பக்கம் ரோட்டு மேல வாப்பா காலத்துலேர்ந்து மளிகைக்கடை, இலங்கை அகதி முகாம் சனம் நெறையப் பேருக்கு எங்ககிட்ட கணக்கு நோட்டு இருக்கு. அது போக நான் எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணிப் படிப்பு) முடிச்சிட்டு வேல இல்லாம சுத்துன வருஷம் ஒரு ட்ரஸ்ட்டுக்காக டேப்லெட்டத் தூக்கிட்டு வீடு வீடா சர்வே எடுக்கப் போனேன், அதையும் சேத்துத்தான் இத எழுதுறேன். ட்ரஸ்ட் பேரு சொல்ல மாட்டேன், இன்பாக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் இலங்கையிலேர்ந்து வந்த சனம் மொத்தம் 3,04,269 பேர்னு 2021ல அரசு சொன்ன கணக்கு. முக்காவாசிப் பேர் திரும்பிப் போயிட்டாங்க இல்லன்னா வேற நாட்டுக்குப் போயிட்டாங்க. அந்த வருஷக் கணக்குல 29 மாவட்டத்துல 108 முகாம், அதுல 18,944 குடும்பம், 58,822 பேர். மண்டபம் முகாம் தான் வாசப்படி, படகுல வந்து எறங்குனவங்க மொதல்ல இங்க தான் வந்தாங்க, அப்புறம் மத்த ஊருக்குப் பிரிச்சு அனுப்புனாங்க. வெள்ளக்காரன் காலத்துல சிலோன் தோட்டத்துக்குப் போற கூலிக்காரங்கள நிறுத்தி வெச்சு நோய் நொடி பாத்து கப்பல் ஏத்துன எடம் இது, ரயில்வே ஸ்டேஷன் பேரே மண்டபம் கேம்ப். முகாம்ல உள்ளவங்களுக்கு அரசு மாசா மாசம் குடுக்குற ரொக்கத்துக்கு ஆபீஸ் பாஷைல பணக்கொடைன்னு பேரு, கடையில நாங்க முகாம் காசுன்னு சொல்லுவோம்.

இப்ப ரேட்டு. 2021 ஆகஸ்ட் 27ல முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபைல 110 விதியில (விவாதம் இல்லாம அறிவிக்கிற விதி) 317 கோடியே 40 லட்சத்துக்கு ஒரு பெரிய பேக்கேஜ் அறிவிச்சாரு, 7469 வீடு புதுசா கட்டுறதும் அதுல சேர்த்தி, அடுத்த நாளே இனிமே அகதிகள் முகாம் இல்ல மறுவாழ்வு முகாம்னு பேரையும் மாத்துனாங்க. அந்த அறிவிப்புல தான் குடும்பத் தலைவருக்கு 1500, மத்த பெரியவங்களுக்கு 1000, 12 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு 500னு ஆச்சு. அதுக்கு முன்னாடி 2011லேர்ந்து 1000, 750, 400. அதுக்கும் முன்னாடி 2006ல 400, 288, அப்புறம் மொதப் பிள்ளைக்கு 180, அதுக்கடுத்த பிள்ளைக்கு 90. இதப் படிச்சிட்டு வாப்பாகிட்ட கேட்டேன், ரெண்டாவது பிள்ளைக்கு என்ன பாதி வயிறான்னு. வாப்பா கண்ணாடியக் கழட்டாமலே சொன்னாக, அப்ப உள்ள நோட்ட எடுத்துப் பாரு, ஒரு பன்னு வாங்கி ரெண்டாப் பிச்சுக் குடுத்துத்தான் கூட்டிட்டுப் போவாக.

ரெண்டு சின்னப் பிள்ளை உள்ள நாலு பேர் குடும்பம்னா 2021 ரேட்டுக்கு மாசம் 3500. முப்பது நாளைக்குப் பிரிச்சா நாளைக்கு 117 ரூபா வரும், தலைக்கு 29. அரிசி தனியா வருது, அதனால உசுருக்குப் பயமில்ல, ஆனா அரிசிய மட்டும் வெச்சு பிள்ள சாப்பிடாது. இதுல எனக்குப் புரியாத ஒன்னு, 2011ல வெச்ச ரேட்ட பத்து வருஷம் தொடவே இல்ல. கவர்மெண்ட் உத்தியோகஸ்தருக்கு விலைவாசியப் பாத்து ஜனவரிலயும் ஜூலையிலயும் அகவிலைப்படி கணக்கு பண்றாங்க, இவங்களுக்கு யாராச்சும் சட்டசபைல எந்திரிச்சு அறிவிச்சாத்தான் ஏறும். தொகைக்கு நான் குடுக்குறது 5க்கு 2. முகாமுக்கு வெளிய வீடெடுத்து போலீஸ் ஸ்டேஷன்ல பதிஞ்சிட்டு இருக்குறவங்க, 2021 கணக்குல 34,087 பேரு, அவங்களுக்கு இந்தக் காசே கெடையாது, அவங்ககிட்ட கேட்டா சைபர் போடுவாங்க.

அந்த 12 வயசு விஷயத்துல கொஞ்சம் நிக்கணும். பன்னெண்டு முடிஞ்சா பிள்ள பெரிய ஆளாயிடும், 500 இருந்தது 1000 ஆகும். நோட்டு வெச்சிருக்குற மன்னார்க்கார அக்கா ஒருத்தங்க, பழைய பாக்கி கொஞ்சம் கெடந்துச்சு, நான் கேக்கவே இல்ல, அவங்களே மகனத் தோளப் பிடிச்சு முன்னாடி இழுத்து நிறுத்திக் காட்டுனாங்க. "தம்பி, இவனுக்கு வாற மாசம் பன்ரண்டு முடியுது, அதுக்குப் பிறகு உங்கட கணக்கத் தீர்த்துப் போடுவன்." பையன் வெக்கப்பட்டு மிட்டாய் பாட்டிலயே பாத்துட்டு நின்னான். பொறந்த நாளைக்கு கேக்கு வெட்டுற வயசுல இவன் பொறந்த நாளு அடமானமா எங்க நோட்டுல ஏறிடுச்சு. துருக்கில சிரியாக்காரங்களுக்கு 2016 கடைசில ஆரம்பிச்ச பெரிய திட்டம் இருக்கே, ஐரோப்பா காசு குடுக்க ரெட் கிரசண்ட் (நம்ம செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி) கார்டு மூலமா போறது, அதுல கொஞ்ச நாள்லயே தலைக்கு 120 லிரான்னு ஆக்குனாங்க, கைக்குழந்தைக்கும் 120, கெழவருக்கும் 120. சின்னப் பிள்ள கம்மியாத்தான் திங்கும்னு கணக்குப் போடுறவங்க பால்மா (பால் பவுடர்) விலையப் பாத்ததில்லன்னு நெனைக்கிறேன். ஆமா எங்க பக்கமும் இப்ப பால்மான்னே வாயில வருது, அவங்ககிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சு.

இப்ப கடை நோட்டுக்கு வர்றேன், ஏன்னா இந்த ரிவ்யூவுல மத்தவங்ககிட்ட இல்லாதது அது தான். முகாம் காசு வர்றதுக்கு முந்தின பத்து நாள் பக்கத்தப் பாத்தா எல்லாம் பொடி எழுத்தா இருக்கும். அரை மூடித் தேங்கா, கால் கிலோ சீனி, பத்து ரூபா எண்ணெ, ஒத்த பாக்கெட் ஷாம்பு, மாசிக்கருவாடு ஒரு துண்டு. ஒரே வீட்டுக்கு ஒரே நாள்ல மூணு வரி, பிள்ளைகள மாத்தி மாத்தி அனுப்புவாங்க, பெரியவங்க வர மாட்டாங்க, ஏன்னா பிள்ளைய அனுப்புனா வாப்பா இல்லன்னு சொல்ல மாட்டாகன்னு தெரியும். காசு வந்த மறுநாள் பெரியவங்க வருவாங்க. அரை லிட்டர் எண்ணெ, ஒரு கிலோ சீனி, பெரிய பாக்கெட் பால்மா, முழுத் தேங்கா ரெண்டு. பொடிப் பாக்கெட்டா வாங்குறப்ப கிராமுக்கு விழுற விலையும் மொத்தமா வாங்குறப்ப விழுற விலையும் வேற வேறன்னு கடைக்காரனுக்குத் தெரியாதா, மாசத்துல அந்தப் பத்து நாளு தான் எங்களுக்கு லாபம், இத எழுதக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. காசு ஒரு வாரம் லேட்டாச்சுன்னா அந்தப் பத்து நாளு பதினேழு நாளாகும், அவ்வளவு தான் விஷயம். நூறு ரூபா கூடக் குடுக்குறதும் சொன்ன தேதில குடுக்குறதும் ஒரே எடை, சில மாசம் தேதி தான் எடை கூட.

காசாக் குடுத்தா குடிச்சிடுவாங்கன்னு சொல்ற ஆளுங்க எங்க டீக்கடையிலயும் உக்காந்திருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வீடு அப்படி இருக்கு, ஒத்துக்குறேன், எங்க தெருவுலயும் ரெண்டு வீடு அப்படித்தான் இருக்கு. இதுக்கு லெபனான்ல ஒரு நல்ல ஆராய்ச்சி பண்ணாங்க, சர்வே ட்ரெய்னிங்ல சொன்னாங்க, அப்புறம் நானே தேடிப் படிச்சேன். 2013 நவம்பர்லேர்ந்து 2014 ஏப்ரல் வரைக்கும் குளிர் காலத்துல சிரியாக் குடும்பங்களுக்குக் காசு குடுத்தாங்க, ஆனா 500 மீட்டர் உசரத்துக்கு மேல குடியிருக்குறவங்களுக்கு மட்டும், அங்க தான் குளிர் ஜாஸ்தின்னு. அப்ப 510 மீட்டர்ல இருக்குறவனுக்குக் காசு உண்டு, 490ல இருக்குறவனுக்கு இல்ல, ரெண்டு பேர் வாழ்க்கையும் மத்தபடி ஒன்னு தான். அந்தக் கோட்டுக்கு மேலயும் கீழயும் உள்ள வீட்ட ஒப்பிட்டுப் பாத்தாங்க. விலைவாசி ஏறல, பிள்ளைகள வேலைக்கு அனுப்புறது கொறஞ்சுச்சு, பள்ளிக்கூடம் போறது கூடுச்சு. அடுப்புக்கும் எரிபொருளுக்கும்னு குடுத்த காசுல பெரும்பகுதிய சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும் செலவழிச்சாங்க. இதத் தப்புன்னு சொல்ற ஆபீசர் இருப்பாரு. குளிர விட பசி கூடன்னு அந்த வீட்டுப் பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்கு, அவ்வளவு தான்.

அதே லெபனான்ல 2016-17ல யுனிசெஃப் இன்னொன்னு பண்ணுச்சு, பள்ளிக்கூடத்துக்காகவே. சின்னப் பிள்ளைக்கு மாசம் 20 டாலர், பத்து வயசும் அதுக்கு மேலயும் உள்ள பிள்ளைக்கு 65. ஏன் இவ்வளவு வித்தியாசம்னா பத்து வயசுப் பிள்ளைய வேலைக்கு அனுப்புனா சம்பாதிக்கும், அந்த வருமானத்தயும் ஈடு கட்டணும்ல. இது நல்ல கணக்கு, எங்க ஊரு நண்டு உடைக்கிற கம்பெனி வாசல்ல நின்னு பாத்தா யாருக்கும் புரியும். ரிசல்ட் என்னன்னா புதுசாச் சேர்ற பிள்ளைக எண்ணிக்க பெருசாக் கூடல, ஏன்னா சிரியாப் பிள்ளைகளுக்குன்னு வெச்ச சாயங்கால ஷிஃப்ட் பள்ளிக்கூடத்துல எடமே இல்ல. ஆனா ஏற்கனவே சேந்திருந்த பிள்ளைக வாரத்துக்கு அரை நாளுக்கு மேல கூட வந்தாங்க. காசு பிள்ளைய வாசல் வரைக்கும் கொண்டு போகும், உள்ள பெஞ்சு போடுறது காசு வாங்குறவங்க வேலை இல்ல.

சரி, ட்ரஸ்ட் கதை. இது தான் என் சொந்த அனுபவம், கோவமும் இங்க தான்.

ஸ்கூல் திறக்குறப்ப ஒரு பிள்ளைக்கு 3000னு மே மாசமே வந்து சொன்னாங்க. பாதி ஸ்கூல் திறக்குறதுக்கு முன்னாடி, மீதி அட்டெண்டன்ஸ் சர்டிபிகேட் குடுத்த பெறகு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, துருக்கிலயும் படிப்புக் காசுக்கு 80 சதவீத அட்டெண்டன்ஸ் வேணும்னு தான் ரூல் வெச்சாங்க. ஆனா அங்க அட்டெண்டன்ஸ அவங்களே பள்ளிக்கூடத்துலேர்ந்து எடுத்துக்கிட்டாங்க, இங்க அம்மா போய் ஹெட்மாஸ்டர்கிட்ட கையெழுத்து வாங்கணும். மொதத் தடவ போனா ஹெட்மாஸ்டர் மீட்டிங், ரெண்டாவது தடவ சீல் இல்ல, மூணாவது தடவ ஃபார்ம் மாறிடுச்சாம். ஒவ்வொரு தடவையும் நண்டு உடைக்கப் போற ஒரு நாள் கூலி போச்சு. ஜூன் மொத வாரம் வர வேண்டிய மொதப் பாதி ஜூலை நடுவுல வந்துச்சு, ரெண்டாம் பாதி தீவாளிக்குக் கொஞ்சம் முன்னாடி.

ஸ்கூல் யாருக்காகவும் ஜூலை வரைக்கும் காத்திருக்காது. நோட்டு, பை, செருப்பு, யூனிஃபார்ம் எல்லாம் கவர்மெண்ட் குடுக்குது, அது போகவும் செலவு இருக்கு, டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், குடை, பத்தாவது பிள்ளைக்குக் கைடு, ட்யூஷன் அட்வான்ஸ். கொஞ்சம் எங்க கடையில எழுதிக்கிட்டாங்க, கொஞ்சம் மகளிர் குழு லோன்ல எடுத்தாங்க. ஜூலைல காசு வந்ததும் எங்களுக்கும் குழுவுக்கும் கட்டிட்டாங்க.

நான் நவம்பர்ல டேப்போட போறேன். கேள்வி 14, உதவித் தொகையை எதற்குச் செலவு செய்தீர்கள். ஆப்ஷன்: கல்வி, உணவு, மருத்துவம், கடன் அடைத்தல், மற்றவை. எங்ககிட்ட நோட்டு வெச்சிருக்குற ஒரு அக்கா யோசிக்காம "கடனுக்குத் தான் கட்டினன் தம்பி"ன்னு சொன்னாங்க, நான் கடன்ல டிக் அடிச்சேன். வீடு வீடா இதே பதில், இதே டிக். ராத்திரி கடையில உக்காந்து எங்க நோட்டப் புரட்டுனா அதே அக்கா பேர்ல ஜூன் மாசத்துல பச்சை மையில வாப்பா கையெழுத்துல இருக்கு: டிபன் பாக்ஸ் 1, பாட்டில் 2, கணக்குக் கைடு 1. அந்தக் கடனே இது தான். தேதி தப்புனதால கல்விங்குற பொட்டில விழ வேண்டிய டிக்கு கடன்ங்குற பொட்டில விழுந்துடுச்சு. மறுநாள் சூப்பர்வைசர்கிட்ட நோட்டு போட்டோவக் காட்டுனேன். நல்ல மனுசன் தான், ரொம்ப நேரம் பாத்தாரு, பாத்துட்டு "ஆப்ஷன்ல இல்லையே தம்பி"ன்னாரு. ரிப்போர்ட்ல என்ன எழுதியிருப்பாங்கன்னு நீங்களே நெனச்சுக்கங்க, பயனாளிகள் நோக்கத்துக்குப் புறம்பா செலவு செஞ்சாங்கன்னு ஒரு பாராவாச்சும் இருக்கும். அடுத்த வருஷம் காசுக்குப் பதிலா ஸ்கூல் பை குடுத்தாங்க. அதான் ஏற்கனவே கவர்மெண்ட் குடுக்குற பை! இப்ப முகாம்ல பல வீட்டுல ரெண்டு பை இருக்கு, ஒன்னுல வெங்காயம் தொங்குது.

இதனால பொருளாக் குடுக்குறது எல்லாமே மோசம்னு சொல்லல. கவர்மெண்ட் ஸ்கூல்ல காலைச் சாப்பாடு திட்டம் 2023 ஆகஸ்ட் 25ல தமிழ்நாடு பூராவும் ஒன்னாப்புலேர்ந்து அஞ்சாப்பு வரைக்கும் வந்துச்சு, அதுக்கப்புறம் காலைல எங்க கடையில பன்னு போறது கொறஞ்சு போச்சு. வெள்ளன ஏழு மணிக்கு யூனிஃபார்மோட வந்து ரெண்டு பன்னு கேட்டு நோட்டுல எழுதச் சொல்ற பிள்ளைக வர்றதில்ல. எந்தச் சர்வேயும் இல்லாம ஒரு திட்டம் வேல செய்யுதுன்னு நான் தெரிஞ்சுக்கிட்டது அப்படித்தான். பேக்கரிக்காரர்தான் நம்மகிட்ட குறைப்பட்டுக்கிறாரு.

அரசு முகாம் காசுலயும் ஒரு கண்ணுக்குத் தெரியாத கண்டிஷன் இருக்கு, செக்கிங். ஆள் முகாம்ல இருக்காங்களான்னு நேர்ல நிறுத்தி சரிபாக்குறது. ஆம்பளைங்க பாதிப் பேர் பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போறவங்க, அந்த நாளைக்குன்னு பஸ் ஏறி வந்து தலையக் காட்டிட்டு ராத்திரி பஸ்ல திரும்பணும். போக வர டிக்கெட்டு, ரெண்டு நாள் கூலி, இதக் கழிச்சா அந்த ஆளுக்கு வர்ற 1500ல என்ன மிஞ்சும்னு பாருங்க. ஜோர்டான்ல கண்ணு விழிய ஏ.டி.எம்ல காட்டுனா காசு வருது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கலன்னாலும் பஸ் டிக்கெட் மிச்சம்.

2022 மார்ச் 22ல இலங்கையில வந்த பொருளாதார நெருக்கடி தாங்காம மொத நாளே 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் வந்து எறங்குனாங்க, கைக்குழந்தையோட. அப்புறமும் வந்துட்டே இருந்தாங்க. அதுல ஒரு பெரியவர் கடைக்கு வந்து இலங்கை நோட்ட நீட்டி பால்மா கேட்டாரு, வாப்பா நோட்டத் திருப்பிக் குடுத்துட்டு பால்மாவக் குடுத்தாக. அந்தக் கணக்கு எந்த நோட்டுலயும் இல்ல.

உள்ளூர்ல ஒரு முணுமுணுப்பு உண்டு, அவங்களுக்கு மட்டும் மாசாமாசம் சும்மா காசு வருதேன்னு. நம்ம மீனவங்களுக்கும் வருது, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துக்கு நிவாரணம் 8000, குடும்பத்துக்கு, பிள்ளை எத்தனன்னு கேக்குறதில்ல. அதுலயும் சனம் கேக்குற மொதக் கேள்வி எவ்வளவுன்னு இல்ல, எப்ப ஏறும்னு தான். பாம்பன்லயும் தங்கச்சிமடத்துலயும் வலை போடாம உக்காந்திருக்குறவங்ககிட்ட கேளுங்க, முகாம்ல கேக்குற அதே கேள்வி தான் வரும்.

அதனால அரசு காசுக்கு நம்பிக்கைன்னு பாத்தா 5க்கு 3, வருஷக் கணக்கா நிக்காம வருதுல்ல. தொகைக்கு மேல சொன்ன 2. ட்ரஸ்ட்டுக்கு மனசுக்கு 4, தேதிக்கு 1, கேள்வி 14க்கு மைனஸ். இந்த ஜூனுக்கு யாராச்சும் பிள்ளைகளுக்குக் காசு குடுக்கலாம்னு இருந்தீங்கன்னா மே 25க்குள்ள மொத்தத்தயும் ஒரே தடவையாப் போட்டுடுங்க, சர்டிபிகேட் கேக்காதீங்க, பையும் வேணாம்.

அந்தப் பையனுக்குப் பன்னெண்டு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. அக்கா போன வாரம் வந்தாங்க, பழைய பாக்கில கொஞ்சம் குடுத்தாங்க, மீதி ஒன்பதாயிரம் சொச்சமா இருக்கும்னு நெனச்சு வாப்பா நோட்டத் திருப்புனா 940 தான் இருந்துச்சு, இத்தன நாள் பயந்தது இவ்வளவு தானான்னு ரெண்டு பேரும் சிரிச்சாங்க. போறப்ப பெரிய பாக்கெட் பால்மா கேட்டாங்க. எழுதவான்னு வாப்பா பேனாவ எடுத்தாக. "வேண்டாம் ஐயா, இண்டைக்குக் காசு இருக்கு"ன்னுட்டு முந்தானை முடிச்ச அவுத்தாங்க.